விசையும் காலமும்: போர்த்தேங்காய், கொம்புமுறி, அம்பா வழியாகக் கணத்தாக்கு பற்றிய ஒரு விளக்கம்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே தெற்கு நோக்கி நீளும் மணற்பாங்கான நிலத்தொடரில், களுவாஞ்சிகுடிக்கு வடக்கே அமைந்துள்ள விவசாயக் கிராமம் களுதாவளை. வெற்றிலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற இவ்வூரையும், இதனை அடுத்துள்ள தேற்றாத்தீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களையும் உள்ளடக்கிய இப்பிரதேசத்தில், கண்ணகி வழிபாட்டோடு இணைந்து வளர்ந்த இரு விளையாட்டுக்கள் உள. ஒன்று போர்த்தேங்காய் அடித்தல், மற்றது கொம்புமுறி. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) முதலாக இப்பிரதேசம் பற்றி எழுந்த ஆய்வுகள் இத்தகைய மரபுகளைச் சடங்கு, இலக்கியம், சமூக அமைப்பு ஆகிய கோணங்களிலிருந்து நோக்கியுள்ளன. அவற்றில் தொழிற்படும் பௌதிக விதி அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. நாட்டார் வழக்காறுகளை ஆராய்வோர் பௌதிகவியலைத் தமக்குப் புறம்பானதெனக் கருதுவதும், பௌதிகவியல் கற்பிப்போர் நாட்டார் வழக்காறுகளை வெறும் பொழுதுபோக்கெனக் கருதுவதும் இதற்குக் காரணமாகலாம்.

ஒரு பொருளின் இயக்கத்தை மாற்றுவது விசை மட்டுமன்று. விசையும் அது தொழிற்படும் காலமும் சேர்ந்தே அம்மாற்றத்தை நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை இப்பிரதேசத்து வாழ்க்கையினின்றும் எடுத்த உதாரணங்களால் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். உழைக்கும் மக்கள் இக்காலக் கூற்றினைக் கையாளக் கற்றுக்கொண்ட விதத்தில் அவர்தம் தொழில்திறனுக்கு மட்டுமன்றிக் கலைக்கும் ஒரு வேர் உண்டு என்பதைக் காட்டுவது இரண்டாவது நோக்கம்.

1. அடிப்படைக் கருத்துக்கள்

ஒரு பொருளின் திணிவையும் அதன் வேகத்தையும் பெருக்கி வரும் கணியமே உந்தம் எனப்படும். இலங்கைப் பாடநூல்கள் திணிவு, வேகம் என்று வழங்குவனவற்றையே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை, திசைவேகம் என்கின்றன. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. வேகத்துக்குத் திசை உண்டாதலால் உந்தத்துக்கும் திசை உண்டு. 2 கிலோகிராம் திணிவுள்ள பொருளொன்று செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் செல்லுமாயின் அதன் உந்தம் 6 அலகுகள் ஆகும்.

இவ்வுந்தம் மாறவேண்டுமாயின் புறத்தேயிருந்து ஒரு விசை தொழிற்படவேண்டும். மாற்றத்தின் அளவு, அவ்விசையையும் அது தொழிற்பட்ட நேரத்தையும் பெருக்கி வரும் தொகைக்குச் சமம். இப்பெருக்கமே கணத்தாக்கு. தொழிற்படும் நேரத்தில் விசை கூடியும் குறைந்தும் வருமாயின் அதன் சராசரியைக் கொள்ளல் வேண்டும். எனவே, 6 அலகு உந்தத்தை இல்லாமற் செய்ய 6 நியூற்றன் விசை 1 செக்கன் தொழிற்பட்டாலும் போதும்; 600 நியூற்றன் விசை ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு நேரம் தொழிற்பட்டாலும் போதும். உந்தமாற்றத்தை மட்டும் கருதினால் இவ்விரண்டும் ஒன்றே. ஆயின் விசைக்கு உள்ளாகும் பொருளுக்கு அவை ஒன்றல்ல. முதலாவதில் முட்டையும் உடையாது. இரண்டாவதில் ஓடும் நொறுங்கும். இவ்வேறுபாட்டிலேயே இவ்விடயத்தின் முழு முக்கியத்துவமும் அடங்கியுள்ளது.

2. போர்த்தேங்காய்: காலத்தைச் சுருக்குதல்

போர்த்தேங்காய் விளையாட்டில் ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரிவர். ஒரு கட்சியாரின் காய் மற்றக் கட்சியாரின் காயோடு மோதும். உடைந்த காய்க்குரியவர் தோற்றவராவர். தெற்கிலும் மேற்கிலும் பத்தினி வழிபாட்டைப் பேணிய சிங்கள மக்களிடையேயும் 'பொர பொல்' என்ற பெயரில் இதனையொத்த விளையாட்டு உண்டு. கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூல் இவ்வழிபாட்டின் இருமொழிப் பரப்பினை விரிவாகக் காட்டுவதாகும்.

அரைக் கிலோகிராம் திணிவுள்ள உரித்த தேங்காயொன்று செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வந்து, நிலையாகப் பிடிக்கப்பட்ட மற்றொரு காயில் மோதி நிற்பதாகக் கொள்வோம். அது இழக்கும் உந்தம் 4 அலகுகள். ஓடும் ஓடும் நேரடியாக மோதுவதால் தொடுகை நேரம் மிகக் குறுகியது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு எனக் கொண்டால் சராசரி விசை 4000 நியூற்றன் ஆகும். ஏறத்தாழ 400 கிலோகிராம் திணிவுள்ள பாரத்தை அக்காயின் ஒரு புள்ளியில் ஏற்றி வைத்ததற்கு இது ஒப்பாகும். ஒரு கையின் வீச்சினால் இத்துணைப் பெரிய விசை பிறப்பதன் இரகசியம் கையின் வலிமையில் இல்லை. நேரத்தின் குறுமையிலேயே உள்ளது.

இதே காய் மரத்திலிருந்து மட்டையோடு விழும்போது பெரும்பாலும் உடைவதில்லை என்பதை இதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். 15 மீற்றர் உயரத்திலிருந்து விழும் காய் நிலத்தை அடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். அதாவது நாம் கொண்ட மோதல் வேகத்தின் இருமடங்குக்கு மேல். உரியாத காயாதலால் திணிவும் அதிகம். அவ்வாறிருந்தும் ஓடு தப்புகின்றது. ஏனெனில் நாரடர்ந்த மட்டை நசுங்கியும் மணல் விலகியும் காய் நிற்பதற்கு எடுக்கும் நேரத்தை நீட்டுகின்றன. மட்டை இயற்கை அளித்த காலநீட்டி எனலாம். போர்த்தேங்காய்க்கு மட்டையை உரித்தெடுப்பவர் செய்வது யாது? அக்காலநீட்டியை அகற்றிவிடுகின்றார். தொடுகை நேரத்தைச் சுருக்கினால் விசை பெருகும் என்னும் விதியை அவர் கையாலே கையாள்கின்றார்.

இங்கு மற்றொன்றும் மனங்கொளத்தக்கது. அடிக்கும் காய் கூடிய விசையைச் செலுத்துகின்றது, அடிபடும் காய் அதனை வாங்கிக்கொள்கின்றது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இது பிழை. இரு காய்களும் ஒன்றன் மீது ஒன்று செலுத்தும் விசைகள் அளவிற் சமமானவை, திசையில் எதிரானவை, தொடுகை நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. ஆதலால் கணத்தாக்கும் சமமே. எது உடையும் என்பதை ஓட்டின் தடிப்பும், தொடும் இடத்தின் வளைவும், ஓட்டிலுள்ள நுண்ணிய பழுதுகளுமே தீர்மானிக்கும். சிறுத்துத் தடித்த ஓடுடைய காயைத் தேடிப் பொறுக்குவதும், காயின் எப்பகுதியை எதிரிக்குக் காட்டுவது என்பதைப் பழகுவதும் இவ்விளையாட்டின் திறனாக அமைவது இதனாலேயே.

3. கொம்புமுறி: மாற்றம் விளைக்காத பெருவிசை

கொம்புமுறியில் வளைந்த இரு உறுதியான மரக்கொம்புகள் ஒன்றுள் ஒன்று கொளுவப்பட்டு வடங்களாற் பிணைக்கப்படும். இரு கட்சியாரும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பர். ஒரு கொம்பு முறியும்வரை இழுவை நீடிக்கும். போர்த்தேங்காயில் விசை தொழிற்படுவது கண்ணிமைப்பினும் குறைந்த நேரம், இங்கோ நெடுநேரம். ஒவ்வொரு பக்கத்திலும் பலர் சேர்ந்து இழுப்பதால் விசையும் பெரிது. பெரிய விசை, நீண்ட நேரம் இரண்டும் இருப்பதால் கணத்தாக்கும் உந்தமாற்றமும் மிகப் பெரியனவாக இருக்கவேண்டும் என ஒருவர் எதிர்பார்க்கலாம். ஆயின் கொம்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இம்முரண்பாடு மேலோட்டமானது. உந்தத்தை மாற்றுவது தனித்தனி விசைகளல்ல. அவற்றின் விளையுள் விசையே. இரு பக்கத்து இழுவைகளும் சமப்படும்வரை விளையுள் பூச்சியம். பூச்சியத்தை எத்துணை நேரத்தாற் பெருக்கினும் பூச்சியமே. ஆயினும் ஒன்றும் நிகழவில்லை எனக் கொள்ளலாகாது. கொம்புகளின் உள்ளே தகைப்பு ஏறுகின்றது. நார்கள் ஒவ்வொன்றாக நெகிழ்கின்றன. ஒரு கணத்தில் கொம்பு முறிகின்றது. அக்கணமே சமநிலை குலைகின்றது. எதிர்விசை இல்லாது போகவே இரு பக்கத்தாரும் தத்தம் பின்புறமாகத் தள்ளாடி விழுகின்றனர். நெடுநேரம் மறைந்திருந்த இழுவை ஒரு கணத்தில் இயக்கமாக வெளிப்படுகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் உண்மைக்கு இதனை ஓர் உவமையாகக் கொள்வோரும் இருக்கலாம். ஆயின் உவமையை விளக்கமாகக் கொள்ளுதல் கூடாது. இங்கு விளக்கம் தருவது விளையுள் விசை என்ற கருத்தே.

4. அம்பா: காலத்தை ஒருங்கிணைத்தல்

இவ்விரு விளையாட்டுக்களினின்றும் உழைப்புக்கு வருவோம். கிழக்குக் கரையிலே கரைவலை இழுக்கும்போதும் தோணியைத் தள்ளும்போதும் மீனவர் பாடும் பாடல்கள் அம்பா எனப்படும். ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் 'ஏலேலோ' போன்ற ஒலித்தொடர்களாற் பதிலிறுப்பர். அப்பதிலின் அழுத்தம் விழும் அசையில் எல்லோருடைய உடலும் ஒருங்கே முன்தள்ளும்.

மணலிற் கிடக்கும் தோணி ஒன்றைக் கருதுவோம். அதன் திணிவு 400 கிலோகிராம் எனவும், அதனைத் தடுக்கக்கூடிய உராய்வின் உச்ச அளவு 2000 நியூற்றன் எனவும் கொள்வோம். பத்துப் பேர், ஒவ்வொருவரும் 250 நியூற்றன் விசையோடு தள்ளுகின்றனர். ஐவர் ஒரு கணத்திலும் மற்றை ஐவர் அடுத்த கணத்திலும் தள்ளுவாராயின் ஒவ்வொரு வேளையும் கிடைப்பது 1250 நியூற்றன். உராய்வும் அதே அளவில் எழுந்து அதனைச் சமப்படுத்திவிடும். விளையுள் பூச்சியம், தோணி அசையாது. பத்துப் பேரும் ஒரே கணத்தில் தள்ளினால் 2500 நியூற்றன். உராய்வு போக 500 நியூற்றன் எஞ்சும். அது 0.8 செக்கன் தொழிற்படின் கணத்தாக்கு 400 அலகுகள். தோணி செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தைப் பெறும். இரு சந்தர்ப்பங்களிலும் மனிதர் அதே பத்துப் பேர். அவர்தம் தசைவலிமையும் அதுவே. ஒவ்வொருவரும் தள்ளிய நேரமும் அதுவே. வேறுபட்டது ஒன்று மட்டுமே: அந்நேரங்கள் ஒருங்கிணைந்தமை. அவ்வொருங்கிணைப்பைச் செய்தது பாட்டு.

உழைப்பின் தாளத்திலிருந்து கவிதை பிறந்தது என்ற கருத்து இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. கார்ல் பூஹர் 1896இல் உழைப்பையும் தாளத்தையும் தொடர்புபடுத்தி எழுதினார். ஜோர்ஜ் தொம்சன் அதனை மாக்ஸிய நோக்கில் வளர்த்துச் சென்றார். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொம்சனிடம் ஆய்வு செய்த கைலாசபதியும் சிவத்தம்பியும் வழியாக அந்நோக்கு தமிழாராய்ச்சியிலும் வேரூன்றியது. ஆயின் நம்மிடையே இக்கருத்து பெரும்பாலும் "பாட்டு களைப்பைப் போக்கும்" என்ற எளிய வாய்பாடாகச் சுருங்கிவிட்டது. மேற்காட்டிய கணிப்பு அதற்கு அப்பாலும் செல்கின்றது. பாட்டு களைப்பைப் போக்குவது உண்மையே. அதனினும் அடிப்படையானது, தனித்தனியே பயனற்றுப்போகும் விசைகளை ஒரே கணத்திற் குவித்துத் தடையின் எல்லையைத் தாண்டச் செய்வதாகும். இவ்வகையில் அம்பா உழைப்புக்குப் புறத்தே நிற்கும் அலங்காரமன்று. நெம்புகோலும் வடமும் போன்று அதுவும் ஓர் உழைப்புக் கருவியாகும். அதன் யாப்பினை ஆராய்வோர் சீரையும் அசையையும் மட்டுமன்றி, அழுத்தம் விழும் இடத்தையும் இரு அழுத்தங்களுக்கு இடையிலான நேரத்தையும் அளந்து நோக்குதல் வேண்டும்.

5. கையறிவும் விதியறிவும்

அவ்வாறாயின் நியூற்றனின் விதியை நம்மவர் முன்னரே அறிந்திருந்தனர் எனக் கூறலாமா? கூறலாகாது. பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் வழுக்கி விழுவது வழக்கம். காயை உரிப்பவருக்கும் அம்பா பாடுபவருக்கும் இருந்தது கையறிவு. அது குறித்த தொழிலோடும் குறித்த பொருளோடும் பிணைந்தது. தேங்காயையும் தோணியையும் வானத்துக் கோள்களையும் ஒரே தொடரில் அடக்கும் பொதுமை அதற்கில்லை. அப்பொதுமைக்கு அளவையும் கணிதமும் மட்டுமன்றி, கைத்தொழில் அனுபவத்தையும் கோட்பாட்டுச் சிந்தனையையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தும் சமூகச் சூழலும் தேவை.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சூழல் உருவாகிக்கொண்டிருந்தது. டேக்கார்ட் 1644இல் 'இயக்கத்தின் அளவு' பற்றிப் பேசினார். ஆயின் திசையைக் கருதவில்லை. மோதல்கள் பற்றிய அவரது விதிகள் பிழைத்தமைக்கு இது ஒரு முக்கிய காரணம். ஹைகன்ஸ், ரென், வாலிஸ் ஆகியோர் 1668, 1669 ஆம் ஆண்டுகளில் இலண்டன் றோயல் சங்கத்துக்கு மோதல் விதிகளைச் சமர்ப்பித்தனர். 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூற்றன் தமது இரண்டாம் விதியை இயக்கத்தின் மாற்றம் பற்றிய விதியாகவே கூறினார். இன்று மாணவர் மனனஞ் செய்யும் திணிவு பெருக்கல் ஆர்முடுகல் என்ற வடிவம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் முதலியோர் வழியாக நிலைபெற்றது. எனவே உந்தமாற்றத்தின் மூலம் விதியை விளக்குவது நியூற்றனின் மூலக்கருத்துக்கு அண்மையானதாகும்.

சோவியத் பௌதிகவியலாளரான போரிஸ் ஹெசன், 1931இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மகாநாட்டில் 'பிரின்சிப்பியா'வின் சமூக பொருளாதார வேர்கள் பற்றி உரையாற்றினார். கடற்போக்குவரத்து, சுரங்கத்தொழில், பீரங்கிப் போர் ஆகியன எழுப்பிய பிரச்சினைகளோடு அக்கால இயக்கவியலை அவர் தொடர்புபடுத்தினார். அவ்வுரை பேர்னால் முதலிய விஞ்ஞானிகளை ஆழமாகப் பாதித்தது. ஹெசனோ 1936இல், எந்த அரசின் பெயரால் அவ்வுரையை நிகழ்த்தினாரோ அவ்வரசினாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். மாக்ஸியர் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. ஹெசனின் கருத்தை இயந்திரப் பாங்காகப் பொருத்துவதும் தகாது. பீரங்கி இருந்த நாடெல்லாம் நியூற்றனைப் பெறவில்லை. எனினும் விஞ்ஞானக் கருத்து உழைப்பிலும் உற்பத்தியிலும் எழும் கேள்விகளோடு உறவுடையது என்ற அடிப்படை இன்றும் வலிமை குன்றாததாகும்.

6. உடலுக்குக் கிடைக்கும் நேரம்

இவ்விதி மனித உடலை நேரடியாகத் தீண்டும் இடம் விபத்தாகும். மட்டக்களப்பு–கல்முனைப் பெருவீதி இவ்வூர்களையெல்லாம் ஊடறுத்துச் செல்கின்றது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் ஒருவரின் தலை, செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் தார்வீதியில் மோதுவதாகக் கொள்வோம். தலையின் திணிவு ஏறத்தாழ 5 கிலோகிராம். உந்தம் 30 அலகுகள். வீதி இடங்கொடாது. செக்கனின் ஆயிரத்தில் இரு பங்கு நேரத்தில் தலை நின்றால் சராசரி விசை 15000 நியூற்றன். தலைக்கவசத்தின் உட்புறத்தேயுள்ள நுரைப்படை 25 மில்லிமீற்றர் நசுங்கி இடங்கொடுத்தால் அந்நேரம் ஆயிரத்தில் எட்டுப் பங்காக நீளும். விசை 4000 நியூற்றனுக்குக் கீழே இறங்கும். இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையேயாயினும் விகிதம் உண்மையானது. கவசத்தின் வெளியோடு அடியைப் பரப்புகின்றது. உயிரைக் காப்பது பெரும்பாலும் உள்ளே நசுங்கும் படையே. தேங்காய்க்கு மட்டை செய்யும் தொண்டினை அது தலைக்குச் செய்கின்றது. உட்படை இல்லாத மலிவான கவசம் உரித்த தேங்காய்க்கு ஒப்பானது. ஒருமுறை நசுங்கிய படை மீண்டும் பயன்படாது என்பதும் இதனாலேயே.

இங்குப் பௌதிகவியல் சமூகவியலாகின்றது. விலையுயர்ந்த மோட்டார் வாகனத்தில் இருப்பவருக்கு நசுங்கும் முன்பகுதி, இருக்கைப் பட்டி, காற்றுப்பை எனக் காலநீட்டிகள் பல உள. அவர் விலைகொடுத்து வாங்குவது, ஈற்றில், செக்கனின் நூறில் சில பங்கு நேரமேயாகும். மரத்தில் ஏறித் தேங்காய் பறிப்பவருக்கும், பாரவண்டியின் மேல் மூட்டைகளோடு இருந்து செல்பவருக்கும் அந்நேரம் கிடைப்பதில்லை. விதி அனைவர்க்கும் பொது. விதியிலிருந்து பாதுகாப்புப் பெறும் வசதி பொதுவன்று. பாதுகாப்பு உபகரணம் தொழிலாளியின் உரிமையென வற்புறுத்துவோர் கோருவது கருணையை அன்று. உடலொன்று நிற்பதற்கு வேண்டிய நேரத்தையே.

முடிவுரை

இதே கரையில் தெற்கேயுள்ள காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) விஞ்ஞானம் கற்பித்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில் ஒலியியற் கணிப்பையும் பழந்தமிழ் இலக்கியச் சான்றையும் ஒருங்கே கையாண்டவர். இலக்கியமும் பௌதிகவியலும் ஒரே மனத்தில் கூடுவது இம்மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதற்கு அவர் போதிய சான்றாவார்.

கணத்தாக்கு என்ற சொல் களுதாவளைச் சிறுவனுக்கோ சிறுமிக்கோ கரும்பலகையில் முதன்முதல் அறிமுகமாகும்போது, உதாரணம் பெரும்பாலும் கிரிக்கெற் பந்தாகவோ மோட்டார் வாகனமாகவோ அமைகின்றது. அவ்வுதாரணங்கள் பிழையானவை அல்ல. ஆயின் தந்தை உரிக்கும் தேங்காயும், மாமன் தள்ளும் தோணியும், கோயில் வீதியில் முறியும் கொம்பும் அதே விதியின் உதாரணங்கள் என்பதை எவரும் கூறாதபோது, தன் வீட்டார் அறிவிலிகள் என்றும் அறிவு வேறெங்கோ உள்ளது என்றும் அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. அவ்வாறே, அம்பாவைத் தொகுத்து அச்சிடும் ஆய்வாளர் அப்பாட்டு அசைத்த தோணியை மறந்துவிடும்போது, இலக்கியம் உழைப்பினின்றும் துண்டிக்கப்படுகின்றது. கையறிவை விதியறிவாக உயர்த்துவதும், விதியறிவை அதனை ஈன்ற உழைப்போடு மீள இணைப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள். பல்கலைக்கழகத்துத் தமிழாய்வு இப்பணியில் தனக்குரிய பங்கினை ஏற்றல் வேண்டும். கரைவலை இழுவையில் இயந்திரம் புகுந்துவரும் இக்காலத்தில், அம்பாவின் சொற்களோடு அதன் நேர அளவுகளையும் பதிவுசெய்வது அதன் முதற்படியாக அமையலாம்.